மதில் போன வழி

1925இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஏஜ்கிராஃப்ட் ஹால் என்ற பழங்கால மாளிகை ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கப் பணக்காரர் ஒருவர் எடுத்தார். உத்தரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டி கட்டிக் கப்பலேற்றி, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மறுபடி பூட்டி நிறுத்தினார். இப்போது அது அருங்காட்சியகம், பார்க்க டிக்கெட். நம்ம பக்கம் இப்படியெல்லாம் நடக்குமா என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அரியலூர் மாவட்டத்தில் அதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் முன்னாலேயே நடந்தது. கழற்றும் வேலை கச்சிதம். பூட்டும்போதுதான் மதிலுக்குப் பதில் அணை வந்துவிட்டது.

பெயர்த்துக்கொண்டு போகும் கலையை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜேந்திர சோழன் அதில் கைதேர்ந்தவன். தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய கோயில் இருந்தும், "அது அப்பா கட்டியது" என்று இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் தனிக்குடித்தனம் போட்டான். புது வீட்டுக்குச் சாமான் வேண்டாமா? கலிங்கத்திலிருந்து காளியும் பைரவரும் வந்தார்கள். சாளுக்கிய நாட்டிலிருந்து துர்க்கை வந்தாள். யாரும் விரும்பி வரவில்லை. கங்கைத் தண்ணீரும் வந்தது, தோற்ற ராஜாக்களின் தலைச்சுமையாக. அதற்கு வெட்டிய ஏரிதான் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. கல்லில் நட்டால் பின்னால் எவனாவது பெயர்த்துப் போவான் என்று ஆசாமிக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்திருக்கும்.

சந்தேகம் வீண்போகவில்லை. இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஊர், 1279 வாக்கில் சோழர் கதை முடிந்ததும் கேட்பாரற்றுப் போனது. அரண்மனைச் செங்கலைத் தேவைப்பட்டவர்கள் தோண்டிக்கொண்டார்கள். 1836இல் வெள்ளைக்கார இன்ஜினீயர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட வந்தார். ஆற்றில் மணலுக்குப் பஞ்சமில்லை, கல்லுக்குத்தான் பஞ்சம். தெற்கே ஆறு, வடக்கே சில கிலோமீட்டரில் செதுக்கித் தயாராக நிற்கும் சோழன் கோயில் மதில். குவாரி எதற்கு? ஊர்க்காரர்கள் மறித்தார்கள், அரசாங்கத்தை அவமதித்ததாகத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதியும் கிடைத்தது. இருபது வருஷம் கழித்தும் அது வாக்குறுதியாகவே இருந்தது. எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்புக்கு என்ன நடக்குமோ அதுதான் ஊருக்கும் நடந்தது: சாறு கொள்ளிடத்துக்கு, சக்கை ஊருக்கு.

அந்தச் சக்கையைத்தான் 1980இலிருந்து தொல்லியல் துறை, அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டிப் பார்க்கிறது. செங்கல் அடிச்சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற்கள், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டு. கடாரம் வரை கப்பல் அனுப்பியவனின் அரண்மனையில் இன்று இடுப்புயரச் சுவர் இருந்தாலே பெரிய விஷயம்.

போன கல் சும்மா இருக்கவில்லை. கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. அந்த ஏரியும் சோழர் வெட்டியதுதான், பராந்தகன் காலத்தில். 2004இலிருந்து அங்கிருந்து சென்னைக்குக் குழாய் போகிறது. ராஜேந்திரன் கங்கையைக் குடத்தில் கொண்டுவந்தான். அவன் கோயில் மதில் காவிரியைக் குழாயில் அனுப்பிவைக்கிறது. காட்டனைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று கேட்டால், தஞ்சை விவசாயி கும்பிடுவார், கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் திட்டுவார். இரண்டும் நியாயம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே கும்பகோணத்துக்கு வண்டியை விடாதீர்கள். மாளிகைமேட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். வீராணம் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்தக் கடன் இருக்கிறது.