அடியும் பிடியும்

எண்பதுகளில் மதுரையில் நாங்கள் கராத்தே கற்றபோது, சண்டை என்றால் குத்தும் உதையும்தான். 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்' படம் விதைத்த ஆசை எங்களை விடியற்காலையிலேயே பள்ளி மைதானத்துக்கு இழுத்துவந்தது. வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று காற்றைக் குத்துவோம். ஜோடி சேர்ந்து மோதும்போது ஒருவன் மற்றவன் சட்டையைப் பிடித்துவிட்டால் மாஸ்டர் உடனே பிரித்துவிடுவார். தெருச்சண்டையில் அப்படிப் பிரித்துவிட ஆள் இருக்காது. அங்கே முதலில் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

அதே ஊரில் சிலம்ப ஆசான்கள் குத்துவரிசையோடு பிடிவரிசையும் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வயதுப் பையன்களுக்கு அது பழைய காலத்து வித்தையாகத் தெரிந்தது.

பிடியின் பலம் பின்னால்தான் புரிந்தது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், பல பாணி வீரர்கள் ஒருவரோடொருவர் மோதும் யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தது. ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பிடியால் பணியவைத்தார். அவர்களில் ஒருவர் குத்துச்சண்டை வீரர், இன்னொருவர் சவாத் என்ற பிரெஞ்சு உதைச்சண்டை வீரர். கிரேசி குடும்பத்தின் வித்தையான ஜியு-ஜிட்சுவுக்கு வேர், ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய ஜூடோ. மிட்சுயோ மயேடா அதை 1914-ல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்.

இன்று நகரங்களில் மெத்தை விரித்த கூடங்களில் ஜியு-ஜிட்சு சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. தினமும் முழு பலத்தோடு ஒருவர் தலையில் ஒருவர் குத்திப் பழக முடியாது. பிடிச்சண்டையில் முழு பலத்தோடு மோதலாம். தாங்க முடியாதபோது தட்டினால் எதிராளி விட்டுவிடுவார். திமிறும் உடலை அடக்குவது எப்படியென்று அங்கேதான் உண்மையாகத் தெரிகிறது.

ஆனால் மெத்தையில் மட்டுமே பழகியவர்கள் தாமாகவே தரையில் விழுந்து சண்டையைத் தொடங்குகிறார்கள். தார்ச்சாலையில் ஒருவனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தால் அவனுடைய கூட்டாளியின் கால் நம் தலைக்கு வரும். 1997-ல் யு.எஃப்.சி.யில் மாரிஸ் ஸ்மித் வேறொரு பாடம் காட்டினார். கிக்பாக்ஸரான அவர், மல்யுத்த வீரர் மார்க் கோல்மனின் கீழே சிக்கியும் தாக்குப்பிடித்தார்; எழுந்தார்; நின்றபடி அடித்து ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். தரையைப் படித்திருந்ததால்தான் அவருடைய உதைக்கு வேலை கிடைத்தது.

இப்போது என்னிடம் தற்காப்பு கற்க வருகிறவர்களுக்கு, அடிபடாமல் விழுவதையும் விரைந்து எழுவதையும் முதலில் கற்பிக்கிறேன். அடுத்து மணிக்கட்டு, முடி, கழுத்து ஆகியவற்றில் விழும் பிடிகளை உடைப்பது. பிறகு நெருக்கத்தில் முழங்கையாலும் உள்ளங்கையாலும் அடிப்பது. கடைசியில் எல்லாவற்றையும் கலந்து மோதவைப்பேன்; எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்கமாட்டார். பிடியை உடைத்து, ஓர் அடியால் இடைவெளி உண்டாக்கி, வாசலைத் தொட்டவரே வென்றவர்.

அடிக்குப் பாதி நேரம், பிடிக்குப் பாதி நேரம் என்று பங்கு போடுவதால் சமநிலை வந்துவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடல் தயங்காமல் மாறவேண்டும். பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும் பெற்றோரே, பெல்ட்டின் நிறத்தைக் கேட்பதைவிட, ஒரு மாலை உட்கார்ந்து பயிற்சியைப் பாருங்கள். பிடிக்கப்பட்ட பிள்ளை திமிறவும், அடிக்கவும், எழுந்து ஓடவும் அங்கே பழகுகிறதா? அப்படியானால் அந்த வகுப்பில் தாராளமாகச் சேர்க்கலாம்.