தரைவடிகாலின் பதவி உயர்வு குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பேஸ்மென்ட் வடிகால்கள்மீது அதிகார வரம்புடைய அதிகாரபீடம், ஒன்ராறியோ.
பொருள்: பழைய தரைவடிகாலை ஷவர் வடிகாலாக்குதல்.

பேஸ்மென்ட் தரைவடிகால் வீட்டின் மிகத் தாழ்ந்த வாய். ஹொட் வோட்டர் டாங்க் ஒழுகினாலோ வோஷிங் மெஷினின் குழாய் கழன்றாலோ தண்ணீர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பதற்காக வைத்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள பழைய பங்களா வீடுகளில் அது பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய். வாயில் துருவேறிய ஒரு சல்லடை, அதற்குள் பஞ்சும் தலைமயிரும். ஆண்டுக்கணக்கில் வேலை இல்லாததால் கொங்கிரீட்டுக்கு அடியில் ட்ராப் என்ற வளைகுழாயில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறுகிறது. அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்துபோகும் குறை இது. சட்டமோ வாளியை நம்புவதில்லை. ட்ராப்புக்குத் தானாக நீர் விடும் ப்ரைமர் என்ற கருவியையோ அதற்கு நிகரான வேறு வழியையோ கேட்கிறது.

1980களிலிருந்து ஈழத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றின் முதல் கனடிய முகவரி ஒரு பேஸ்மென்ட்தான். குடியிருக்க ஆள் வந்தால் குளிக்க இடம் வேண்டும். தரையில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. எதற்குக் கொங்கிரீட்டை உடைப்பது? ஓட்டையைச் சுற்றி மூன்று சுவர், ஒரு திரை, மேலே ஒரு ஷவர் தலை. வேலை முடிந்தது.

அதிகாரபீடத்தின் கோப்புகளில் இப்படி ஒரு ஷவர் கிடையாது. விண்ணப்பம் இல்லை, வரைபடம் இல்லை, பரிசோதனை இல்லை. ஆகவே ஷவரும் இல்லை. இல்லாத ஷவரில் தினமும் காலையில் ஆள் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். அதிகாரபீடத்துக்கு மட்டும் அதை யாராவது எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

குழாயின் அகலத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு ஷவர் தலையிலிருந்து நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்கும் குறைவாகவே தண்ணீர் வருகிறது. 3 அங்குலக் குழாய்க்கு அது ஒரு பொருட்டே அல்ல. தினமும் தண்ணீர் விழுவதால் ட்ராப் வற்றும் தொல்லையும் தீர்கிறது. இதுவரை வீட்டுக்காரர் பக்கமே நியாயம்.

அதற்கு மேல் நியாயம் வேறு பக்கம் சாய்கிறது. 3 அங்குலத்துக்குக் குறையாத ட்ராப் உள்ள தரைவடிகால் காற்றுக்குழாய் இல்லாமல் இருக்கலாம் என்று சில நிபந்தனைகளோடு கனடியப் பிளம்பிங் விதிகள் விட்டுக்கொடுக்கின்றன. ஷவரானதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. காற்றுக்குழாய் இல்லாவிட்டால், மாடியில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது கீழே உள்ள ட்ராப்பின் நீர் உறிஞ்சப்படக்கூடும். அந்தக் காற்றுக்குழாய்க்கு வீட்டுச் சுவருக்குள்ளே வழி கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி.

மற்றப் பாதி தண்ணீர் கசியாமல் பார்ப்பது. ஷவர் வடிகாலின் உடலில், டைலுக்கு அடியில் விரிக்கும் நீர்த்தடுப்பு விரிப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம் இருக்கும். பழைய தரைவடிகாலில் அது பொதுவாக இருப்பதில்லை. டைல் இடுக்கில் இறங்கும் தண்ணீர் சல்லடைக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவே புகுந்து சுவரடிக்குப் போகிறது. இத்தாலிய டைலும் கண்ணாடிக் கதவும் இதைத் தடுக்கா. பூஞ்சணம் விலை பார்ப்பதில்லை.

ஆகவே முறையான வேலை உடைப்பில்தான் தொடங்குகிறது. கொங்கிரீட்டை வெட்டித் திறந்து, பழைய ட்ராப்பைத் தாண்டிய இடத்தில் புதுக் குழாயை இணைக்க வேண்டும். பழைய ட்ராப்புக்கு மேலேயே புது ட்ராப்பை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் காற்று சிக்கி, தண்ணீர் இறங்கத் திணறும். புதுக் குழாய்க்கு 50க்கு 1 என்ற வாட்டம் வேண்டும். ஷவர்த் தரைக்கும் வடிகாலை நோக்கி வாட்டம் விட வேண்டும். குழியை மூடுமுன் பரிசோதகர் பார்க்க வேண்டும். மூடிய பிறகு வருபவர் டைலின் நிறத்தைத்தான் பரிசோதிக்கலாம். பழைய தரைவடிகாலை எடுத்துவிடவும் கூடாது. ஹொட் வோட்டர் டாங்க் ஒழுகும் நாளில் அதன் தேவை தெரியவரும்.

இவ்வளவையும் கணக்கிட்டுப் பார்த்துத்தான் பலர் அனுமதிக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். விதியை அறியாமல் மீறுகிறவர்கள் குறைவு. படித்துப் பார்த்துவிட்டு மீறுகிறவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

மழை வந்தால் கோப்பில் இல்லாத ஷவரும் கணக்குக்கு வந்துவிடுகிறது. 2013 ஜூலை 8ஆம் தேதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் வரும். முதலில் மிகத் தாழ்ந்த வாயில்தான் தலைகாட்டும். முன்பு அது கொதிகலன் அறைத் தரையில் வந்தது. இப்போது குளிப்பவரின் காலடிக்கே வருகிறது. இதைத் தடுக்கும் பின்னோட்டத் தடுப்பு வால்வுக்கும் மற்றச் சாதனங்களுக்கும் சேர்த்து வீடொன்றுக்கு 3,400 டொலர் வரை ரொறன்ரோ நகரம் பல ஆண்டுகளாக மானியம் கொடுத்துவந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தெருச் சாக்கடையின் அழுத்தத்தில் வால்வு மூடிக்கொண்டால் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் பேஸ்மென்ட் ஷவரில் பொங்கும்.

எனவே அதிகாரபீடத்திடம் பணிவாகக் கோரப்படுவது இரண்டே. ஒன்று, அனுமதிப் படிவத்தில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆனால் இல்லாத ஷவர்களைத் தண்டனைப் பயமின்றி அறிவிக்க ஒரு கட்டம். மற்றது, வால்வு மானியத் துண்டறிக்கையில் ஒரு வரி: அடைமழை நிற்கும்வரை வீட்டில் யாரும் குளிக்க வேண்டாம், மாடியில் இருப்பவர் உட்பட.