துணி கட்டிய வெண்டைக்காய்: ஓர் ஆய்வு

பொழிச்சலூர் மொட்டை மாடிகளில் ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டையில், விதைக்கென்று விட்டுவைக்கும் காய் ஐப்பசியைப் பார்ப்பதில்லை. பூச்சி, அணில், மழை என்று பழியை ஆளுக்கொரு பக்கம் போடுவது வழக்கம். குற்றவாளி சாம்பார்தான் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்: ஒரு புறம் விமான நிலையம், மறுபுறம் அடையாறு, ஒட்டினாற்போல் பம்மல். ஊருக்கு நடுநாயகமாக, வட திருநள்ளாறு எனப்படும் அகத்தீஸ்வரர் கோயில். சனிக்கிழமைகளில் அங்கே எள் விளக்கேற்ற வரும் கூட்டத்தைப் பார்த்தால், இவ்வூரில் அதிகம் கைமாறும் விதை எள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது தனி ஆய்வுக்கு உரியது.

இனி காலக்கணக்கு. ஆடியில் ஊன்றிய வெண்டை நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். பூத்த ஆறேழு நாளில் காய் குழம்புக்குப் பக்குவம். அதே காய் விதைக்கு என்றால், செடியிலேயே முற்றி, பழுப்பாகி, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் இறங்கிவிடும். காய்ந்த காய் அடைமழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், விதை கறுக்கும். ஆக, விதைக்காய்க்குக் கிடைக்கும் வெயில் புரட்டாசி ஒன்றுதான். அந்தப் புரட்டாசியில்தான் ஊரே அசைவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் காய்கறியின் மேல் பாய்கிறது. வெண்டைக்காய் செடியில் நிற்க வேண்டிய மாதமும் சட்டியில் நிற்க வேண்டிய மாதமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று நம்ப ஆய்வாளன் தயாராக இல்லை.

பாதுகாப்பு நடவடிக்கையாகக் காம்பில் சிவப்புத் துணி கட்டுவது மரபு. இதன் பயன் ஐயத்துக்குரியது. பக்கத்து மாடிக்காரர்கள் அதைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று எண்ணி, அப்படி என்ன பிரமாதமான காய் என்று கிட்டே வந்து பார்க்கிறார்கள். பார்த்ததோடு நிற்பதில்லை. பிஞ்சா முற்றலா என்று அறிய நுனியை ஒடிக்கிறார்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. அதாவது, பிஞ்சு என்று நிரூபணமாகும் அந்தக் கணமே விதைக்காய் என்ற பதவி அதற்குப் பறிபோகிறது. மாதிரியை அழிக்காமல் சோதிக்கும் முறை இத்துறையில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

"ஏங்க, குழம்புக்கு ரெண்டு காய் கொறையுது. அந்தத் துணி கட்டினதைப் பறிச்சுக்கட்டுமா?"

"அது விதைக்கு விட்டது."

"விதை அடுத்த வருஷம் வரும். உங்க சித்தப்பா கீழே வந்து உக்காந்தாச்சு."

இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டிருந்தபோது, நிக்கொலாய் வவிலோவ் உருவாக்கிய விதைக் களஞ்சியத்தைக் காத்த விஞ்ஞானிகளில் சிலர், கைக்கெட்டும் தூரத்தில் அரிசியும் கடலையும் இருந்தும் தொடாமல் பட்டினியால் மாண்டார்கள். அந்த மனத்திண்மைக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் அவர்கள் வீட்டுக்குச் சித்தப்பா வந்ததாகக் குறிப்பு இல்லை.

அப்படியானால் மாடிகளில் விதையே மிஞ்சுவதில்லையா? மிஞ்சுகிறது. அதுதான் கவனிக்க வேண்டிய இடம். துணி கட்டிய காய் சட்டிக்குப் போய்விடும். யார் கண்ணிலும் படாமல், இலைக்குப் பின்னால் ஒண்டி, தண்ணீர்த் தொட்டி பக்கமாகத் திரும்பி நின்ற ஏதோ ஒரு காய் முற்றிப்போய், 'அடடா, இது எப்படித் தப்பிச்சது?' என்ற கேள்வியோடு விதையாகிறது. டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் இயலிலேயே, மனிதன் தான் செய்வதை அறியாமலே செய்யும் தேர்வைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் பொழிச்சலூருக்குப் பொருத்தினால் கிடைக்கும் முடிவு பயங்கரமானது. சுவையான காய், பெரிய காய், நன்றாகக் காய்க்கும் செடி எதையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஒளிந்துகொள்ளத் தெரிந்த வெண்டையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் சில நூற்றாண்டில் செடி இருக்கும், காய் இருக்கும், சமைக்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

தப்பிய காயின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாற்பது, ஐம்பது விதை தேறும். நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிசறி, காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டில் சாம்பல் ஏது? தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிச்சாம்பல்தான் கதி. கடையில் வாங்கியது ஒட்டுரக வீரிய விதை என்றால் இத்தனை பாடும் வீண். அடுத்த தலைமுறை தாயைப் போல் இராது. அர்க்கா அனாமிகா போன்ற ரகமானால் தைரியமாக எடுத்து வைக்கலாம்.

சட்டமும் நம் பக்கம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. நிலத்தைத் தானே உழுது பயிரிடுபவர்தான் விவசாயி என்றால் மொட்டை மாடி நிலமாகுமா என்பது வழக்கறிஞர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். அதுவரை நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம்.

ஆகவே அண்டை அயலாருக்கு ஒரு விண்ணப்பம். மாடிப்படி ஏறி வரலாம், செடியைப் பார்க்கலாம், வெற்றிலைக் கொடியில் நாலு இலை கிள்ளிக்கொண்டும் போகலாம். துணி கட்டிய காயின் நுனியை மட்டும் ஒடிக்காதீர்கள். தைப்பட்டத்துக்கு ஆளுக்குப் பத்து விதை தருகிறோம்.