கமிட்டி மாப்ளைக்கு ஓரிக்கைக் கிழவன் சொல்றது

மாப்ளே, உன்னை வார்டு கமிட்டியிலே போட்டுட்டாங்களாமே! உங்கம்மா வந்து ஒரு பிடி சர்க்கரை குடுத்துட்டுப் போனா. இனிமே ஊரோட ஏரி, குப்பை, காத்து எல்லாத்துக்கும் எம்புள்ளதான் ஆலோசனை சொல்லப் போறான்னு ஒரே பூரிப்பு. சந்தோசம். நம்ம குடும்பத்திலே ஆலோசனை சொல்ல என்னைக்கும் ஆள் பஞ்சம் இருந்ததில்லே. கேக்கத்தான் ஆள் கிடைக்காது. நீ போற இடமும் அப்படித்தான், அதனாலே உனக்குப் பழகின வீடு மாதிரியே இருக்கும்.

சட்டம் நல்லாத்தான் போட்டிருக்காங்க. கிராமத்துக்குக் கிராம சபைன்னா, நகரத்துக்குப் பகுதி சபை, வார்டு கமிட்டின்னு 2022-லே விதி வந்துச்சு. அந்த வருசம் நவம்பர் 1-ந் தேதி முதல் தடவையா கூட்டினாங்க. முதலமைச்சரே பம்மல்லே வந்து உக்காந்தாரு. வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமை நாள்னு வருசத்துக்கு நாலு தரம் சபை கூடணுமாம். அண்ணா 1909-லே பிறந்தது நம்ம காஞ்சிபுரத்திலே. அதனாலே செப்டம்பர் 15-ந் தேதி மாலைக்கும் மைக்செட்டுக்கும் குறைச்சல் இருக்காது. மாலை எல்லாம் போட்டு முடிச்சு நேரம் மிச்சம் இருந்தா, ஏரியைப் பத்திப் பேசுவீங்க.

உக்காந்ததும் மேசையைப் பாரு. ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில் நிக்கும். 2019 ஜனவரி 1-லேருந்து பிளாஸ்டிக் தடை இருக்குதேன்னு கேட்டுடாதே. தடை தண்ணி பாக்கெட்டுக்குத்தான், பாட்டிலுக்கு இல்லே. ரெண்டு ரூபா பாக்கெட் குடிக்கிறவன் ஊரைக் கெடுக்கிறான், இருபது ரூபா பாட்டில் குடிக்கிறவன் ஊரைக் காப்பாத்த கமிட்டிக்கு வர்றான். மஞ்சப்பை கதையும் இதே ஜாதிதான். நான் மஞ்சப்பையோட மெட்ராஸ் பஸ் ஏறின காலத்திலே பட்டிக்காட்டான்னு சிரிச்சாங்க. 2021 டிசம்பர்லே அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு விழா எடுத்துச்சு. நான் கீழே வச்சாத்தானேப்பா மீண்டும் எடுக்க?

சரி, விசயத்துக்கு வர்றேன். நம்ம ஓரிக்கைக்கும் டவுனுக்கும் நடுவிலே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்குது. பாலாத்து மணல்லே போட்ட கிணத்திலேருந்து இங்கேயும் திருப்பாற்கடல்லேயும் தண்ணியை உறிஞ்சித்தான் காஞ்சிபுரம் குடிக்குது. குடிச்ச ஊரு திருப்பித் தர்றதை மஞ்சள் நீர்க் கால்வாய் தூக்கிகினு போவுது. மழைத்தண்ணி போறதுக்கு வச்ச கால்வாய். அதிலே சாக்கடையும் சாயத்தண்ணியும் கலந்து நத்தப்பேட்டை ஏரியிலே போய் விழுவுது. இப்ப அந்தத் தண்ணி மஞ்சளைத் தவிர மத்த எல்லா நிறத்திலேயும் இருக்குது.

சாயக்காரனைத்தான் உடனே எல்லாரும் கைகாட்டுவாங்க. நீ தறிக்கார வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் நிதானமாப் பேசு. கச்சாப் பட்டிலே கிலோவுக்குக் கால் கிலோ போலப் பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வச்சு அந்தப் பசையைப் போக்கினாத்தான் பட்டு மினுமினுக்கும், சாயமும் பிடிக்கும். அந்தக் கால் கிலோவும், சோடாவும், மிஞ்சின சாயமும் சேர்ந்து வாய்க்காலுக்குத்தான் போவணும். வேறே வழி அவனுக்கு யாரும் காட்டலே. கொல்லையிலே ரெண்டு அண்டா வச்சு சாயம் தோய்க்கிறவன் தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? பத்து இருபது பேருக்குப் பொதுவா ஒண்ணு கட்டலாம். அதைச் சொன்னா இடம் எங்கே, பணம் எங்கேம்பாங்க. அங்கேதான் கமிட்டி படுத்துக்கும். தீர்மானம் பாவு மாதிரி, மாப்ளே. தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டு அழகு பார்க்கலாம். பணமும் ஆளும்னு ஊடை ஓடலேன்னா ஒரு முழம் துணி வராது.

மேலே வேலூர்ப் பக்கம் இதே பாலாத்துக்கு நடந்ததைக் கேளு. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பத்தி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டுலே தீர்ப்புச் சொல்லிச்சு. கெடுத்தவன்தான் காசு கட்டணும், நஷ்டத்தைக் கணக்குப் போட ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலே ஒரு ஆணையம் வேணும்னுச்சு. இந்தியா முழுக்க சட்டம் படிக்கிற பிள்ளைங்க இன்னைக்கும் அதைப் பாடமாப் படிக்குதுங்க. பாலாறுதான் படிக்கலே போலிருக்கு. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே நீதிமன்றம் அதே கழிவுக்காக மறுபடி தீர்ப்புச் சொல்லிச்சு. என்னா சொல்லிச்சுங்கிறே? ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலே ஒரு கமிட்டி போடுங்கன்னு. இருபத்தெட்டு வருசத்துக்கு மேலே ஆச்சுப்பா. கமிட்டிக்குக் கமிட்டி பிறக்குது, பாலாத்துக்குத்தான் தண்ணி பிறக்க மாட்டேங்குது.

சொன்னதைச் சொன்னபடி செஞ்சவரு நம்ம ஊர்ச் சரித்திரத்திலே ஒரே ஒருத்தருதான். அவரு கவுன்சிலர் இல்லே. திருவெஃகாவிலே படுத்திருக்கிற பெருமாள். பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரை விட்டுத் துரத்தினான். கணிகண்ணனோட குரு திருமழிசை ஆழ்வாரு பெருமாளைப் பார்த்து, நானும் போறேன், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிகினு வான்னாரு. பெருமாள் விளக்கம் கேக்கலே, துணைக்குழு போடலே, நிதி ஒதுக்கீடு எங்கேன்னும் கேக்கலே. சுருட்டிகினு கிளம்பிட்டாரு. அன்னைக்கு ராத்திரி தங்கினது நம்ம ஓரிக்கையிலேதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. ராஜா வந்து கெஞ்சினப்புறம் திரும்பிப் போயி, தலைமாடு கால்மாடு மாத்திப் படுத்தாராம். இன்னைக்கும் அப்படித்தான் கிடக்காரு, போய்ப் பாரு. நடவடிக்கை எடுத்ததுக்கு அத்தாட்சின்னா அது! உங்க கமிட்டி பதிவேட்டிலே ‘ஆவன செய்யப்படும்’னு எழுதியிருக்குமே, அது இதோட சேர்த்தி இல்லே.

பெருமாளோட நீ போட்டி போட வேணாம். ஓரிக்கைப் பாலத்தைத் தாண்டி அந்த ரோட்டிலேயே போனா உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்திலே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்குது, 919-லே ஒண்ணு, 921-லே ஒண்ணு. ஊர்ச் சபைக்கு வாரியம், அதாவது கமிட்டி, எப்படி எடுத்தாங்கன்னு அதிலே இருக்குது. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஓலையிலே பேர் எழுதிக் குடத்திலே போட்டு, சின்னப் பையனை விட்டு எடுத்தாங்க. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரு, தோட்ட வாரியத்துக்குப் பன்னெண்டு பேரு. 360 நாள் வேலை, அப்புறம் இறங்கிடணும். ரொம்பவும் தலையிலே தூக்கி வச்சிக்காதே. அது நிலம் வச்சிருந்த பிராமணருங்க சபை, உன்னையும் என்னையும் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலே விட்டிருக்க மாட்டாங்க. பொம்பளைங்க பேரும் அதிலே கிடையாது. மேடையிலே பெருமை பேசறவங்க இந்த இடத்திலே தண்ணி குடிக்கப் போயிடுவாங்க.

ஆனா ஒரு விதி இருக்குது பாரு, அதை மட்டும் மனசிலே எழுதி வச்சிக்கோ. முன்னே வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்திலே போடக் கூடாது. அவனை மட்டுமில்லே, அவனோட அப்பன், மகன், அண்ணன் தம்பி, தாயோட கூடப்பிறந்தவன் வரைக்கும் ஒருத்தன் பேரும் போடக் கூடாது. கடைசியாச் சொன்னது யாருன்னு தெரியுதா? நான்தான். அந்தக் கல்வெட்டுப்படி எழுபது தாண்டின எனக்கு எப்படியும் இடமில்லே, ஆனா உன்னாலே இடம் போச்சுன்னு நாலு பேரு சொல்லக் கூடாது பாரு. அதுக்குத்தான் இவ்வளவு தொண்டைத் தண்ணி வத்தப் பேசறேன்.

முதல் கூட்டத்திலே புது யோசனை ஒண்ணும் சொல்லித் தொலைக்காதே. மரக்கன்னு நடலாம்னு எவனாவது எழுந்திருப்பான், போன வருசம் நட்டது எத்தனை உசிரோட இருக்குதுன்னு கேளு. போன கூட்டத் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லு. நத்தப்பேட்டை ஏரித் தண்ணியை எந்தத் தேதியிலே மொண்டு சோதிச்சாங்க, அந்தத் தாள் எங்கேன்னு கேளு. பொது சுத்திகரிப்புக்கு இடம் பார்த்தாங்களா, பார்த்தா எந்த சர்வே நம்பருன்னு கேளு. உன் மேலே கோவம் வரும். அடுத்த தடவை உனக்கு நாற்காலி சுவரோரமாப் போடுவாங்க, பரவாயில்லே, காத்து வரும். எல்லாத்தையும் பதிவேட்டிலே ஏத்தச் சொல்லு. சமோசா வந்தா தின்னு, அதிலே தப்பே இல்லே. கையெழுத்தை மட்டும், மேலே என்னா எழுதியிருக்குன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுப் போடு.