மறுப்புக் கடிதம் வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: கனடியப் போக்குவரத்து அமைச்சு, ஒட்டாவா.

விடயம்: 1993ஆம் ஆண்டு டீசல் லாண்ட் குரூசர் ஒன்றை யப்பானிலிருந்து இறக்குமதி செய்ய எனக்கு அனுமதி மறுக்குமாறு வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சினருக்கு,

உங்களுக்கு வருகிற விண்ணப்பங்கள் எல்லாம் அனுமதி கேட்டு வருபவை. இது தரவேண்டாம் என்று கேட்டு வருவது. போட்டுவைக்கக் கோப்பு இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

யப்பானில் ஓர் ஏலக்களத்தில் 80 வரிசை ரொயோட்டா லாண்ட் குரூசர் ஒன்று நிற்கிறது. 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், ரேர்போ டீசல். இந்த வரிசையில் டீசல் எஞ்சினை ரொயோட்டா வட அமெரிக்காவில் விற்கவேயில்லை. வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் எடுக்கவேண்டும். நான் இருப்பது ஸ்காபரோவில். பாலைவனம் கடக்கும் வேலை எதுவும் கைவசம் இல்லை. பனி கரைந்ததும் வீதியில் திறக்கிற குழிகள்தான் நான் கண்ட காடும் மலையும்.

மனுசியிடம் கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றார். குடும்பஸ்தர்களுக்கு இந்த இரண்டு சொல்லின் கனம் தெரியும். இதைவிட ஒரு சண்டை பிடித்திருந்தால் விசயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆகவே அரசாங்கத்தின் பக்கம் திரும்பினேன். வேண்டாம் என்று சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிற இடமல்லவா?

உங்கள் விதியைப் படித்ததும் இடி விழுந்தது. 15 வயது நிறைந்த வாகனம் என்றால் கனடியப் பாதுகாப்புத் தரம் எதையும் அது எட்டவேண்டியதில்லையாம். பதினான்கு வயதும் பதினொரு மாதமுமான யப்பான் கார் ஒன்று, சுற்றிவர ஏர்பேக்கும் சறுக்கல் தடுக்கும் கணினியும் வைத்திருந்தாலும், இந்த நாட்டு வீதிக்கு ஆபத்து. ஒரு மாதம் பொறுத்தால் ஆபத்து நீங்கிவிடும். ஏர்பேக் ஒன்றுகூட இல்லாத என் 1993க்கோ எந்தத் தடையும் கிடையாது. பழைய சோறு குளிர்ச்சி என்பதுபோல, பழைய பிரேக்கும் நல்லது என்று முடிவுகட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. பஸ்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது 1971க்கு முந்தியதாக இருக்கவேண்டும். பஸ்ஸில் பயணிகள் போவார்கள் என்று யாரோ ஒருவருக்குக் கடைசி நேரத்தில் ஞாபகம் வந்திருக்கிறது.

அப்படியென்றால் என்னதான் பார்ப்பீர்கள் என்று தேடினேன். மண் பார்க்கப்படுகிறது. வண்டியின் அடியில் வெளிநாட்டு மண்ணோ செடிகொடியோ ஒட்டியிருக்கக்கூடாது. அதைக் கவனிப்பது கனடிய உணவுப் பரிசோதனை முகவரகம். சேற்றில் இறங்குவதற்கென்றே பிறந்த வண்டி சேறு படாமல் வந்திறங்கவேண்டும். அடுத்தது குளிரூட்டி. வண்டியில் ஏசி இருந்தால் 100 டொலர் தனி வரி. அது குளிராக்குமா என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, இருந்தாலே போதும். விற்பனை வரி வேறு. சில்லு கழலாமல் நிற்குமா என்று கேட்கிற ஒரு பத்திரத்தை உங்கள் மேசையில் நான் காணவில்லை. அதை மாகாணமும் உள்ளூர் கராஜ்காரரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருக்கிறீர்கள்.

இந்த வண்டியை யப்பான் ஏன் விற்கிறது என்று ஒருதரமாவது யோசித்தீர்களா? 1999இல் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ, டீசல் கரியை ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்துவந்து பத்திரிகையாளர் முன்னால் குலுக்கிக் காட்டினார். 2001இல் இறுக்கப்பட்ட புகைச் சட்டத்துக்குப் பிறகு டோக்கியோ, ஒசாக்கா, நாகோயா வட்டாரங்களில் தரம் எட்டாத பழைய டீசல் காருக்குப் பதிவு கிடையாது. மற்ற இடங்களிலும் 11 வயதைத் தாண்டிய டீசலுக்கு ஆண்டு வரி கூடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'ஷாக்கென்' என்ற பரிசோதனை பணத்தைக் கறக்கும். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கப்பலேற்றுவதை நாங்கள் வாசலில் நின்று வரவேற்கிறோம். ஒன்ராறியோவோ கார்களுக்கான புகைப் பரிசோதனையை 2019இல் நிறுத்தியே விட்டது. அந்தப் பக்கத்திலிருந்தும் எனக்கு உதவியில்லை.

ஸ்டியரிங் வலப்பக்கம். இதையாவது பிடித்துக்கொள்வீர்கள் என்று நம்பியிருந்தேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசுக் காப்புறுதி நிறுவனம் ஆராய்ந்து பார்த்து, வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறவர்கள் தங்கள் பிழையால் மோதுகிற வாய்ப்பு 40 வீதத்துக்கு மேல் அதிகம் என்று கண்டது. இருவழி வீதியில் லொறிக்குப் பின்னால் போனால் எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "போகலாம்" என்று சொல்லவேண்டும். "உங்கட விருப்பம்" என்று சொன்ன அதே மனுசி. ரிம் ஹோர்ட்டன்ஸ் ஜன்னலில் காசு கொடுத்துக் கோப்பி வாங்குவதும் அவர்தான். அது மட்டும் இந்த வண்டியின் நல்ல அம்சம். கியூபெக் 2010இலிருந்து 25 வயதுக்குக் குறைந்த வலப்பக்க வண்டிகளைப் பதிவதில்லை. நமக்கு உகந்த மாகாணம் என்று பெட்டி கட்ட நினைத்தேன். என் வண்டி அந்த வயதையும் எப்போதோ தாண்டிவிட்டது.

இனி எஞ்சின். அந்த ஆண்டுகளின் 1எச்டி-டி எஞ்சினில் கொன்றொட் பெயரிங் நேரத்துக்கு முன்னமே தேய்ந்து எஞ்சினையே தின்றுவிடக்கூடும் என்பது லாண்ட் குரூசர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வாங்கியதும் முதல் வேலை அதை மாற்றுவதுதான். இதை என்னைப் பயப்படுத்த ஒரு நண்பர் சொன்னார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவனிடம் எஞ்சினில் குறை என்று சொல்லலாமா? ஆசை இன்னும் கூடிப்போயிற்று. வலப்பக்க ஸ்டியரிங்கும் அப்படித்தான். நான் முதலில் பிடித்ததே அதைத்தானே. என்னை என் புத்தியிடம் ஒப்படைக்கவேண்டாம் என்று கேட்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உங்கள் அயலவரைப் பாருங்கள். அமெரிக்காவில் 25 வருடம் காத்திருக்கவேண்டும். 1988இல் வந்த சட்டம். அதற்காக அதிகம் பாடுபட்டது மெர்சிடிஸ் கொம்பனி. முகவர்களைச் சுற்றி வெளியால் கார் வந்தால் யாருக்கு வலிக்கும் என்பது வெளிச்சம். ஆனாலும் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. விதியை மீறி வந்த லாண்ட் ரோவர் டிஃபெண்டர் ஒன்றை 2013இல் சுங்கத்தார் இயந்திரத்தில் கொடுத்து நசுக்கி, அதைக் காணொளியாகவும் வெளியிட்டார்கள். எவ்வளவு பொறுப்பான அரசு! குடிமகன் ஒருவனை அவனுடைய ஆசையிலிருந்து அப்படியல்லவா காப்பாற்றவேண்டும்? நீங்களோ படிவம் ஒன்றில் வயதை எழுதச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறீர்கள்.

ஏலத்தாளில் இந்த வண்டிக்கு மூன்றரை மதிப்பெண். அடியில் துரு இல்லை என்று எழுதியிருக்கிறது. இங்கே முதல் மாரியிலேயே வீதி உப்பு அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும். காப்புறுதிக்கு இரண்டு இடத்தில் கேட்டேன்: ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார், மற்றவர் சொன்ன தொகை வண்டியின் விலைக்கு அருகில் வந்தது. இரண்டு பேரும் அருமையான மனிதர்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு நிறுவனம் இப்படியான வண்டிகளையே தேடி எடுப்பதாக நேற்றுக் கேள்விப்பட்டேன்.

காரணம் எதையும் எழுதத் தேவையில்லை. 'மறுக்கப்படுகிறது' என்று ஒரு வரியும் ஒரு முத்திரையும் போதும். வருகிற நத்தார் விருந்துகளில், "அந்த நேரம் ஒட்டாவா விட்டிருந்தால்..." என்று நான் பேச்சைத் தொடங்கலாம், கேட்கிறவர்களும் உங்களைத் திட்டலாம். வண்டி வாங்குவதில் உள்ள சந்தோசத்தில் பாதி அதிலேயே கிடைத்துவிடும், வரி இல்லாமல்.

ஏலம் வியாழக்கிழமை காலை. யப்பான் இப்போது எங்களைவிட 13 மணித்தியாலம் முந்தி என்பதால், எனக்கு அது புதன்கிழமை இரவு. மனுசி அன்று வேலைக்குப் போய்விடுவார், வீட்டில் நான் தனியே இருப்பேன். தபால் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கண்டிப்பை எதிர்பார்க்கும்
ஸ்காபரோவாசி ஒருவன்