இன்னும் வளராத மூளை

மனித மூளை முழுதாக வளர 25 வயதாகுமாம். 2022 டிசம்பரில் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம் உயர் நீதிமன்றத்தில் இப்படிச் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30 மணிக்கு விடுதியைப் பூட்டுவதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள்; அதற்குத்தான் இந்தப் பதில். ஹாஸ்டல் என்ன, ராத்திரியில் ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் லாட்ஜா?

அரைகுறை மூளைக்குத் தோதான வேலைகளை நாடு ஏற்கெனவே ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. 18 வயதில் ஓட்டுப் போட்டு அரசாங்கத்தையே மாற்றலாம். ஃபார்மலின் நெடியில் நின்று பிணத்தை அறுக்கலாம். 9.30-க்கு மேல் வாசல்கடையில் ஒரு கட்டன் சாயா குடிப்பதற்குத்தான் முதிர்ச்சி வேண்டும்.

தொல்லை தருவது ஆண்கள்தானே, அவர்களைப் பூட்டுங்களேன் என்றார் நீதிபதி. அரசின் ஆணையோ இருபாலருக்கும் 9.30 என்றது. சமத்துவத்தை இவ்வளவு மலிவாக யாரும் கொண்டுவந்ததில்லை. செலவு, ஆண்கள் விடுதிக்கு ஒரு பூட்டு.

எனக்கு ஒரே ஒரு சங்கடம். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தால், மூளை வளர்ந்த பேராசிரியர்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். இசிஜி காகிதத்தோடு ஓடிவரப்போவது 23 வயது ஹவுஸ் சர்ஜன். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

பரவாயில்லை டாக்டர், காத்திருக்கிறேன்.