வான்வழித் தூரமும் ஆண்டிபட்டி மார்க்கமும்

வருசநாட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் யாருக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான் வரும். இந்தக் கணக்கை நம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக அந்தப் பக்கத்துச் சம்பந்தியிடம் ஒருவர் சொல்லிவிட்டால், இலை போட்டுக் காத்திருப்பவர்கள்தான் பாவம். நடுவே மலை நிற்கிறது. தெற்கே இருக்கும் ஊருக்குப் போக, முதலில் வடக்கே கடமலைக்குண்டு தாண்டி ஆண்டிபட்டி வரை போக வேண்டும். அங்கிருந்து உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று மலையைப் பிரதட்சிணம் செய்துகொண்டு இறங்கினால், நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆகவே தூரத்தை மணிக்கணக்கில் சொல்வதே நியாயம், வான்வழிக் கிலோமீட்டரைப் பள்ளிக்கூடத்துப் பூகோளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இந்தப் பள்ளத்தாக்கில் வான்வழித் தூரத்தால் பயனடைவது, காய் வெடித்துப் பறக்கும் இலவம்பஞ்சு ஒன்றுதான்.

மலையைக் குடைந்தோ வெட்டியோ வழி செய்தால் தீராதா என்று கேட்பார்கள். நம் ஆட்கள் மலையைக் குடையாதவர்கள் அல்ல. 1895-லேயே குடைந்து, பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியாகிவிட்டது. தண்ணீருக்குக் கிடைத்த குறுக்குவழி மனிதருக்குக் கிடைக்கவில்லை. கிழவன்கோவில் பக்கம் மலைச்சாலை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு அது இன்னும் கடினமாகிவிட்டது. புலியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தக் காடு இல்லாவிட்டால் வைகை இல்லை. அந்த வைகையின் கதையைத்தான் பாருங்களேன். சேர வேண்டிய கடல் கிழக்கே, இராமநாதபுரம் பக்கம். ஆனாலும் இந்த மலையில் பிறந்து வடக்கே ஓடி, ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் அணையில் தங்கி, அப்புறம்தான் மதுரைக்குத் திரும்புகிறது. டிக்கெட் எடுக்காத ஆறே ஆண்டிபட்டி மார்க்கமாகப் போகும்போது, நாம் சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

“விமானத்தில் போகிறவனுக்கு உன் வாதம் பொருந்தாதே” என்பது அடுத்த ஆட்சேபம். மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சரி. ஆனால் வருசநாட்டுக்காரர் பஸ் மாறி பஸ் மாறி மதுரை விமான நிலையத்தைத் தொடவே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே பெட்டியைச் சோதித்து, ஆளைச் சோதித்து, பொறுமையையும் சோதிப்பார்கள். போதாததற்கு, விமான அட்டவணையில் போட்டிருக்கும் நேரமே நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து போய் நிறுத்துவது வரைக்குமானது. தரையில் ஊர்வதும் அதில் சேர்த்தி. விமானக்காரர்களே வான்வழித் தூரத்தை நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்குத் தேனி ரயில் இருக்கிறது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரை மறுபடி ரயில் ஓடியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில். 2011 பொங்கலுக்கு ஒருவர் தேனி ஸ்டேஷனில் துண்டை விரித்து, ரயிலில்தான் மதுரைக்குப் போவேன் என்று உட்கார்ந்திருந்தால், அவருடைய பயண நேரம் பதினோரு வருஷம் நாலு மாதம். வான்வழித் தூரம் அப்போதும் 70 கிலோமீட்டர்தான்.